வழியில் நின்ற வேனும் அண்ணனின் மடியும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி அப்பா என்னிடம் சொன்னார். அண்ணனுக்குத் தங்கை நான் ஒருத்திதான். ஆகவே இது என் கடமை. ஆனால் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அவருடைய நற்குணங்களுக்கு முன்னால், அவர் மேல் எனக்கிருந்த பொறாமைதான் வந்து நின்றது. அதை மறைத்து ஒரு முறை எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதியதுபோல் இருந்தது. கிழித்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். தவறென்றால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் குரும்பலூரில் பிறந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். மழை இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு போகம் மக்காச்சோளம் கருகிப்போன சமயத்தில்தான் அவர் பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரி வேண்டாம் என்று தானாகவே சொல்லிவிட்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தார். பிறகு நான் கல்லூரிக்குப் போனேன். அண்ணன் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் பராமரிப்பு வேலை பார்த்து, அண்ணியைத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே குடியிருந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு குறையாக இருவரும் எங்களிடம் பேசியதே இல்லை.

உறவினர்கள் எல்லோருக்கும் அண்ணனின் வேனைத் தெரியும். ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய வேன். முறையாக அனுமதி வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, மேலே தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவரே பொருத்தினார். என் மகள் அதை "மாமா வூடு" என்பாள். பள்ளி விடுமுறை தோறும் ஏற்காடு, ராமேஸ்வரம் என்று எங்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வேன் ஒரு பயணத்திலாவது நிற்காமல் ஊர் திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

ஏற்காட்டு மலைப்பாதையில் ரேடியேட்டர் குழாய் வெடித்து முன்பக்கமெல்லாம் ஆவி பறந்தது. குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும், போனில் சிக்னல் இல்லை, பின்னால் பஸ் வந்தால் என்ன செய்வது என்று நான் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சூடா இருக்கறப்ப தொடக் கூடாது பாப்பா. வண்டியும் சரி, நீயும் சரி. கொஞ்சம் ஆறட்டும்" என்றார் அண்ணன்.

வேனுக்குப் பின்னால் கற்களை அடுக்கி, தூரத்திலேயே தெரியும்படி மரக்கிளைகளை ஒடித்துப் போட்டார். பாயை விரித்து எங்களை உட்கார வைத்தார். அண்ணி டீ போட்டார். அரை மணி நேரம் கழித்து அண்ணன் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கம்பியால் கட்டினார். தொட்டியில் இருந்த தண்ணீரை ஊற்றி, வண்டியை மெதுவாக அடிவாரத்துக்கு இறக்கிவிட்டார். அவர் கேட்பதற்கு முன்பே அண்ணி அந்தந்த ஸ்பேனரை எடுத்து நீட்டினார். என் வீட்டில் போன் சார்ஜரைக் காணவில்லை என்றாலே எனக்கும் என் கணவருக்கும் சண்டை வரும். அன்று அப்பா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, அண்ணன் சொன்ன ஏதோ ஒன்றுக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கி வந்தபோது அப்பா கையெழுத்துப் போட்டாரே தவிர, சிரித்ததில்லை. மலையழகு எதுவும் என் கண்ணில் படவில்லை.

மகளுக்கு மூன்று வயதில் காதுகுத்து. செந்துறைக்கு அப்பால் என் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பத்தரை மணியோடு நல்ல நேரம் முடிகிறது. விக்கிரமங்கலம் தாண்டியதும் கிளட்ச் கேபிள் அறுந்து வேன் நின்றுவிட்டது.

"கிளட்ச் இல்லாமலும் ஓட்டிடலாம். ஆனா இத்தன பேர உள்ள வச்சிக்கிட்டு வேணாம்" என்ற அண்ணன், அந்தப் பக்கம் வந்த பைக்கை நிறுத்தி என் கணவரை ஏற்றிவிட்டார். "மாப்ள, மொட்டைய கோயில்ல சாயங்காலம்கூட அடிச்சுக்கலாம். நேரம் காதுக்குத்தான். ஆசாரிய கையோட இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

பத்து மணிக்கு ஆசாரி வந்து இறங்கினார். அண்ணன் வேன் படிக்கட்டில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"கோயில் வாசல்ல நடக்க வேண்டியதுண்ணே. இப்படி நடு ரோட்லயா?" என்றேன்.

"நடு ரோடு இல்ல பாப்பா. ஓரமாத்தான் நிறுத்தியிருக்கேன்."

சுண்ணாம்புக் கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "எத்தன லாரி போவுதுன்னு எண்ணு, தப்பா எண்ணுனா மாமா கண்டுபிடிச்சுடுவேன்" என்றார் மகளிடம். ஆறாவது லாரிக்கு ஆசாரியின் கை அசைந்தது. அவள் முகம் கோணியது. ஆனாலும் ஏழாவது லாரியையும் எண்ணிவிட்டாள். தடுப்பூசிக்கு என் மடியில் உட்கார்ந்தால் தெருவையே கூட்டுகிற பிள்ளை அவள்.

எல்லோரும் அண்ணனைப் பாராட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. குழந்தை இல்லாத அண்ணனிடம் போய் இப்படித் தோன்றுகிறதே என்ற வெட்கமும் கூடவே இருந்தது. "அடுத்த புள்ளைக்கு மண்டபம் புடிச்சு ஒழுங்கா செய்வேன். உன் வண்டியே வேணாம்ணே" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

"சரி. நான் நடந்தே வந்துடுறேன். மடி மட்டும் என்னுதுதான?" என்று சிரித்தார்.

பிறகு மகன் பிறந்தான். அவனுக்கு ஒரு வயது ஆனதிலிருந்தே காதுகுத்து எப்போது என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஜோசியர் என்றேன், வெயில் என்றேன். கடைசியாகப் போனில், "எப்ப பாப்பா? மடி சும்மாவே இருக்கு" என்றார். "மண்டபம் கிடைக்கலண்ணே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். மண்டபம் கிடைத்திருந்தது. இந்தப் பிள்ளையாவது இன்னும் கொஞ்ச நாள் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து, காலையில் வேலைக்குக் கிளம்பிய அண்ணன் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

மகனுக்கு இப்போது இரண்டரை வயது. இன்னும் காது குத்தவில்லை. யார் மடியில் என்பதுதான் ஓராண்டாக என்னை அரிக்கும் கேள்வி. சித்தப்பா மகனை உட்கார வைக்கலாம் என்றார்கள் உறவினர்கள். நல்ல தம்பிதான். ஆனால் என் மகன் அவரைப் பார்த்தது இரண்டு முறை. கணவரை இழந்தவர் என்பதால் அண்ணியின் பேரை ஒருவரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

போன மாதம், இந்த மலருக்கான அண்ணன் படத்தைக் கொடுக்க, பெரம்பலூர் அச்சகத்துக்குப் புறப்பட்டோம். அண்ணிதான் வேனை ஓட்டினார். பாதி வழியில் நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம்.

"யாரையாவது கூப்பிடலாமா அண்ணி?"

"கூப்பிடலாம். மொதல்ல நீ தண்ணி குடி."

நட்டைத் தளர்த்தி, நுரை அடங்கி வெறும் டீசல் வரும்வரை பம்பை அமுக்கினார். பலமுறை ஸ்டார்ட் செய்து பார்த்ததில் பேட்டரி சோர்ந்துவிட்டது. கால் மணி நேரம் விட்டுப் பார்க்கலாம் என்று வந்து உட்கார்ந்தார். என் இடுப்பில் அழுதுகொண்டிருந்த மகன் திமிறி இறங்கி, டீசல் வாடை வீசும் அவர் மடியில் ஏறி, அழுகையை நிறுத்திவிட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு நன்கு பழகிய பொறாமை. அண்ணன் மேல் அல்லாமல் வேறு யார் மேலும் எனக்கு அது வந்ததில்லை. என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, இவன் காதுகுத்துக்கு நீங்கதான் உக்காரணும்."

"பைத்தியமா உனக்கு? நான் எப்படி முன்னால வந்து உக்காருவேன்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"மாமன் இல்லாத எடத்துல மாமன் பொண்டாட்டி உக்காரக் கூடாதா?"

"உன் மாமியாரக் கேட்டியா?"

"கேக்கல. கேட்டா பயந்து பின்வாங்கிடுவேன். அதான் மலர்லயே எழுதிடலாம்னு இருக்கேன்."

ஓராண்டுக்குப் பிறகு அண்ணி சிரித்தார். "நீயா? எழுதிட்டு அடிச்சுடுவ. அச்சுல வரட்டும், உக்காருறேன்."

இதை மூன்று முறை அடித்து, மூன்று முறையும் திரும்ப எழுதினேன். என் மாமியார் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று காலை அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய தெருக்காரர்களையும், காரியங்கள் முடியும்வரை அப்பாவின் பக்கத்திலேயே இருந்த ஆலை நண்பர்களையும் எங்கள் குடும்பம் மறக்காது. பேர்கூடத் தெரியாத ஊர்களில் ஸ்பேனரும் குடிநீரும் கொடுத்தவர்களுக்கு இந்த மலர் போய்ச் சேராது. அவர்களையும் வணங்குகிறேன்.

வரும் தை மாதம் குலதெய்வக் கோயிலில், அண்ணியின் மடியில் என் மகனுக்குக் காதுகுத்து. மண்டபம் இல்லை. அனைவரும் வந்து வாழ்த்த வேண்டும். நாங்கள் வேனில்தான் வருகிறோம். வழியில் நின்றுவிட்டால் தாமதமாகும். தயவுசெய்து காத்திருங்கள்.