றசாக் நானாவின் மூன்று விசிறிகள்

கடலோர ஊரான தாராபுரத்தில் எல்லோருக்கும் நானாவான, அண்ணன் முறையான, தையல்காரர் அப்துல் றசாக்குக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் சொந்தமாக ஒரு விமானம் வாய்த்தது. இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஆறடி. எலும்புக்கூடு மெல்லிய மரத்தால் ஆனது. அதன்மேல், கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வழுவழுப்பான துணியை ஒட்டி, ஸ்திரிக்கைப் பெட்டியால் சூடுகாட்டி, மேளத்தோல்போல இறுக வைத்திருந்தார். கடையில் பாதி இடத்தை அது பிடித்துக்கொண்டதால், அளவு கொடுக்க வருகிறவர்கள் பக்கவாட்டாகத்தான் நுழைய வேண்டும்.

ஆசை பிடித்தது கட்டாரில். அங்கே ஒரு கொம்பனியில் சீருடை தைத்த பதினொரு வருடமும், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மற்றவர்கள் தூங்கப் போக, இவர் நகரத்துக்கு வெளியே வெறும் மணல்வெளிக்குப் போய்விடுவார். அங்கே சிலர் சின்ன விமானங்களை ரிமோட்டால் பறக்கவிட்டு விளையாடுவார்கள். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், புறப்படுமுன் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்ள ஆள் தேடி இவரைக் கூப்பிட்டார். பிடிக்கத் தொடங்கியவர் ஓட்டவும் பழகினார். ஊருக்குத் திரும்பும்போது அந்த நண்பர் ஒரு பழைய இயந்திரத்தைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். கூடவே, விமானத்தின் மூக்கில் பூட்டிச் சுழலவிடும் மூன்று மர விசிறிகள்.

இயந்திரம் பெற்றோலில் ஓடுவது. படகு எஞ்சினுக்குப் போலவே ஒயில் கலந்து ஊற்றலாம். விசிறிதான் பிரச்சினை. ஒவ்வொன்றிலும் இரண்டு எண் பொறித்திருக்கும். முதலாவது அதன் நீளம். இரண்டாவது, ஒரு சுற்றுச் சுற்றினால் அது காற்றுக்குள் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பது, மரத்துக்குள் திருகாணி இறங்குவதுபோல. இவரிடம் இருந்தவை பதினைந்துக்குப் பத்து, பதினாறுக்கு எட்டு, பதினேழுக்கு ஆறு. எல்லாம் அங்குலத்தில். எதைப் பூட்டுவது என்று நண்பர் சொல்லவில்லை. "உன் ஊர்க் காற்றைப் பார்த்து முடிவு செய்" என்றாராம்.

றசாக் தராசை நம்பினார். முற்றத்து வேம்பில் விமானத்தின் வாலைக் கயிற்றால் கட்டி, நடுவில் மீன் நிறுக்கும் தொங்குதராசைக் கோத்தார். மனைவி ஸரீனா எட்டி நின்று முள்ளைப் பார்த்துச் சொன்னாள். பதினைந்துக்குப் பத்து இயந்திரத்தைத் திணறடித்தது. முள் ஐந்து கிலோவைத் தாண்டவில்லை. பதினாறுக்கு எட்டு ஆறு கிலோவைத் தொட்டது. பதினேழுக்கு ஆறு வேம்பையே அசைத்தது.

"ஆறரைக்கும் மேல போகுது. காணும், நிப்பாட்டுங்க, கயிறு அறுந்திரும்" என்று கத்தினாள் ஸரீனா.

றசாக்குக்கு வேறென்ன வேண்டும்? அதையே பூட்டினார். விமானம் விடுவதற்கான அனுமதிக் கடதாசிகள் கையில் வந்த கிழமையே, ஊருக்கு வடக்கே கடலை ஒட்டிய தரவை என்னும் வெறும் மணல்வெளிக்கு விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே தோணி வைத்திருந்த பஸ்ரியன் வலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான். தென்மேற்குச் சோளகக் காற்று ஊர்ப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது.

விமானம் பத்துக் காலடி தூரம்தான் ஓடியது. சட்டென்று மூக்கைத் தூக்கி ஏறியது. பஸ்ரியன் கைதட்டினான். றசாக் ஒரு வட்டம் எடுக்கத் திருப்பினார். காற்று பின்னாலிருந்து தள்ள, அது கண்ணிமைப்பதற்குள் கடலுக்கு மேலே போய்விட்டது. அவசரமாகத் திருப்பினார். திரும்பியது, ஆனால் வரவில்லை. இயந்திரம் உச்சக் குரலில் கத்துகிறது; விமானமோ கட்டிவைத்த பட்டம்போல ஒரே இடத்தில் நிற்கிறது. அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. கரை கிட்டுவதற்குள் பெற்றோல் முடிந்தது. சத்தம் அடங்கி, ஆழமில்லாத பரவைக் கடலில் மெல்ல வயிற்றை வைத்து இறங்கியது.

பஸ்ரியன் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்த் தூக்கிவந்தான்.

"இழுவை இருக்கு நானா, ஓட்டம் இல்லை" என்றான்.

றசாக் வீட்டுக்கு வந்து, இயந்திரத்தை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் பூசி வைத்துவிட்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தார். ஸரீனா கிட்டே வந்தாள்.

"தராசு பிழையா?" என்று கேட்டாள்.

"தராசு சரி. எனக்குத்தான் விளங்கேல்ல."

"மரத்தில கட்டித்தானே நிறுத்தோம். பறக்கேக்க ஆர் கட்டிப் பிடிக்கிறது?"

றசாக் தையலை நிறுத்தினார். சோக்குக்கட்டியை எடுத்து மேசைத் துணியிலேயே கணக்குப் போட்டார். நீண்ட விசிறி சைக்கிளின் லேசான கியர்போல: மேட்டில் ஏறும், ஓடாது. ஒரு சுற்றுக்கு ஆறு அங்குலம் என்றால், இயந்திரம் எவ்வளவு சுற்றினாலும் விமானத்தின் வேகம் அந்தக் காற்றின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் மிஞ்சும். பத்து அங்குலக்காரன் வேகமானவன். ஆனால் மணலிலிருந்து கிளம்பவே மாட்டான். நடுவில் இருந்ததை எடுத்துப் பூட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸரீனாவும் கூட வந்தாள். இந்த முறை விமானம் சுலபத்தில் எழவில்லை. மணலில் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தரவை முடிந்து பற்றைகள் தொடங்கும் இடம் நெருங்க, பஸ்ரியன் "நானா, நானா!" என்று பதறினான். கடைசி நேரத்தில் சக்கரம் தரையை விட்டது.

கடலுக்கு மேலே போனது. றசாக் திருப்பினார். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். விமானம் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, காற்றைக் கிழித்துக்கொண்டு நேரே கரைக்கு வந்து, அவர்கள் தலைக்கு மேலால் பாய்ந்து போனது. ஸரீனாவின் முக்காடு படபடத்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் றசாக். முகம் முழுக்கச் சிரிப்பு.

"திருப்பிக் கொண்டுவாங்க, இன்னொருக்காப் பாப்பம்" என்றாள் ஸரீனா.

பெற்றோல் முடியும்வரை பாய்ந்து பாய்ந்து காட்டினார். இறக்கும்போது மணலில் மூக்குக் குத்தி விசிறியின் ஒரு நுனி முறிந்துபோனது. றசாக் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அதே அளவில் இன்னும் நாலு விசிறிக்குக் கொழும்புக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். அவை வந்துசேரும்வரை வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கடையில் உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் பிடிக்க ஸரீனாவுக்குப் பழக்குகிறார். அவள் இடக்கைக்காரி என்பதால் எல்லாம் தலைகீழாக வருகிறது என்று அவருக்கு முறைப்பாடு வேறு.