காய்ச்சல் வீட்டுக்குப் போகிற அண்ணி

ஒரு கையில் கஞ்சித் தூக்கும் தோளில் ஈரத் துணியுமாக, மற்றவர்கள் வாசலோடு நின்றுவிட்ட ஒரு வீட்டுக்குள் அண்ணி குனிந்து நுழைந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சதுரங்கப்பட்டினம் குப்பம், போன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவள் பிள்ளைகளும் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். நுண்ணுயிரியல் படிக்கும் நான் செங்கல்பட்டிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன்.

அண்ணி மீன் விற்பவர். பன்றிக் காய்ச்சல் ஊரை ஆட்டிய ஆண்டில் அது அவர் நுரையீரல்வரை இறங்கியது. பிழைப்பாரா என்றே தெரியாமல் கிடந்து மீண்டார். வேகமாக நடந்தால் இன்றும் மூச்சு வாங்கும். குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: அம்மை கண்ட வீட்டுக்கு, ஏற்கெனவே அம்மை வந்துபோனவர்தான் பணிவிடைக்குப் போவார். அண்ணி அதே நியாயத்தைக் காய்ச்சலுக்கும் வைத்துக்கொண்டார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போவது அவர்தான்.

“எனக்கு வந்து பூட்ச்சு தம்பி. இனிமே அது இன்னா பண்ணிடும்?”

அம்மை வேறு, இது வேறு என்று அன்று எடுத்துச் சொன்னேன். இந்த ஃப்ளூக் கிருமியின் மேல் முள்முள்ளாக ஒரு புரதம் இருக்கிறது. அதைக்கொண்டுதான் நம் தொண்டையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. ஒருமுறை வந்துபோனால் உடம்பு அந்த முள்ளின் வடிவத்தை நினைவில் வைத்து, மறுமுறை பிடித்து மடக்கும். ஆனால் கிருமி பெருகும்போது தன்னைப் பிழையாகவே படியெடுத்துக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு பிழை, நாம் பிடிக்கிற இடத்தையே மாற்றிவிட்டால் பழைய பிடி வழுக்கிவிடும்.

“வருஷா வருஷம் வேஷம் மாத்திகினு வருதா? கூத்தாடியாட்டம்?” என்று சிரித்துவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம் அண்ணன் போன் செய்தார். “உங்க அண்ணி எழுந்துக்கல. மூச்சு இழுக்குது.”

ஆஸ்பத்திரியில் ஃப்ளூ என்று உறுதி செய்து மாத்திரை கொடுத்தார்கள். அங்கே என் படிப்பே எனக்குப் பகையாயிற்று. பெருகிய கிருமிகளைச் செல்லிலிருந்து வெட்டிவிடும் இன்னொரு புரதத்தைத்தான் அந்த மாத்திரை கட்டிப்போடும். அந்தப் புரதத்தில் ஓரிடம் மாறினாலே மாத்திரை பலிக்காமல் போகலாம் என்று படித்திருந்தேன். டாக்டரிடம் கேட்டேன். அப்படி மாறுவது அபூர்வம், போய் டீ குடியுங்கள் என்றார். டீக்கடையிலும் போனில் அதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் அண்ணியின் மூச்சு பனித்துப் பனித்து மறைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அது மறுபடி பனிக்கும்வரை என்னால் கண்ணெடுக்க முடியவில்லை.

ஞாயிறு காலை காய்ச்சல் இறங்கியது. முள்ளின் நுனிதான் அடிக்கடி மாறுகிறது, தண்டும் உள்ளிருக்கும் புரதங்களும் அவ்வளவாக மாறுவதில்லை, பழைய நோயின் நினைவு அந்த அளவுக்கு உதவியிருக்கலாம் என்றார் டாக்டர். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

இதை அண்ணியிடம் சொல்லவே பயமாக இருந்தது. உதவியிருக்கலாம் என்ற ஒரு சொல் போதும், அவர் மறுபடி கிளம்பிவிடுவார். பாதியை மறைக்கவும் மனம் வரவில்லை. வீடு திரும்பிய பிறகு, இரண்டு பாதியையும் சொன்னேன்: பழைய நினைவு கொஞ்சம் உதவியிருக்கலாம், ஆனால் முள்ளின் நுனி மாறினால் அது முழுதாகக் காக்காது.

“அப்போ என் ஒடம்புக்குப் பாதிதான் ஞாபகம் கீது. மீதிக்கு ஊசி போட்டுக்கறேன். அது முழுசா காப்பாத்துமா?”

“முழுசா இல்ல அண்ணி. அதையும் வருஷா வருஷம் மாத்திப் போடணும்.”

“சரி, அதுவும் வேஷம் மாத்தட்டும்.”

இந்த ஐப்பசியில் மழைக்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டார். போன ஞாயிறு, தெருக்கோடி வீட்டில் ஒரு கிழவருக்குக் காய்ச்சல். அண்ணி முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் தடுக்கவில்லை. வெளியே நின்றேன். உள்ளே யாரோ இருமினார்கள். அது கிழவர்தானா என்று தெரிய, அடுத்த இருமலுக்குக் காத்திருந்தேன்.