கடை பிரிட்ஜில் ஒரு தட்டு

மருந்துக்கடையில் நிற்பவர்களே, உங்களுக்கே தெரியும்: தலைவலி மாத்திரை கேட்பவர் தெருவுக்கே கேட்கிறமாதிரி கேட்பார், குழந்தை உண்டாவதற்கான ஊசி கேட்பவர் கடை காலியாகும்வரை ஓரமாக நிற்பார்.

விற்ற பொருள்

ஊட்டியில் என் கடைக்கு அப்படி வந்து நின்றவள் செல்வி, இத்தலார் பக்கம் எஸ்டேட்டில் இலை பறிக்கிறவள். தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம். கோயமுத்தூர் டாக்டர் எழுதிய ஊசிகளைக் கொடுத்து, "பிரிட்ஜுல வெச்சுக்கம்மா" என்றேன். அவள் புருஷன் முருகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"ஏனுங்கக்கா, இந்த ஊசி வாங்கத்தானுங்க பிரிட்ஜையே வித்தோம்."

ஜன்னல் ஓரம்

ஊட்டிக் குளிர் போதாதா என்று ஒரு ஊசியை ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறாள். ராத்திரி உறைபனி. காலையில் மருந்து கட்டியாகிவிட்டது. உறைந்தால் வீண். கேட்காமல் ஏன் வைத்தாய் என்று கத்திவிட்டேன். அத்தனை கோபம் எனக்கு.

"குளுருல வெக்கோணும்னீங்க, வெச்சனுங்க. உறைஞ்சா கெட்டுப்போகும்னு எங்களுக்கு ஆருங்க சொன்னாங்க?"

பாதி ஷட்டர்

வீட்டுக்குள் இருந்த மிச்சத்தை வாங்கி என் கடை பிரிட்ஜிலேயே வைத்தேன். மேல்தட்டில் ஒரு பங்களா அம்மாவின் பெட்டி. அதே டாக்டர், அதே ஊசி. அதை எடுத்துக்கொண்டு நர்ஸ் அவர் வீட்டுக்கே போவார். செல்வி தினமும் சாயங்காலம் பஸ் பிடித்து வந்து, பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். கிளினிக் நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு என்னை முறைக்கிறார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரோட்டையே பார்க்கிறேன். ஒருவழியாக ஓடி வந்தாள், இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"பறிச்ச எலைய எடை போடாம போனா இன்னிக்குச் சம்பளம் இல்லைன்னுட்டாருங்க சூப்பர்வைசர். ஊசியும் அதே நேரந்தானுங்க, நான் ஒருத்திதானுங்களே!"

காலி இடம்

இரண்டு பேருக்குமே கரு நிற்கவில்லை. பங்களா அம்மா அழுதார், அடுத்த மாதமே புது ஊசிப் பெட்டி வாங்கினார். அதுவும் போய், மூன்றாவது முறை கரு தங்கியது. இனிப்பு கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

செல்விக்கு விற்க இன்னொரு பிரிட்ஜ் இல்லை. ஒருநாள் இருமல் மருந்து வாங்க வந்தவள் என் பிரிட்ஜின் கீழ்த்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எம்பட மருந்து இருந்த எடத்துல கொஞ்ச நாளைக்கு வேற எதையும் வெக்காதீங்க."

'குளிரில் வைக்கவும்' என்று பெட்டிக்குப் பெட்டி அச்சடிக்கிற கம்பெனிக்காரர்கள், 'அடுத்த தடவைக்கும் கையில் பணம் வைத்திருக்கவும்' என்று போட மட்டும் மறந்துவிடுகிறார்கள்.