தலைக்கு மூணு படி

எங்கள் ஊர் மாமரத்துக் கொட்டாயில் சவரி என்று ஒருத்தர் இருந்தார். கடத்தூர் சந்தையில் புளி மூட்டை தூக்குவது தொழில். வேலை முடிந்ததும் நேரே பஞ்சாயத்து ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். ஜப்பானில் இத்தனை டன் இரும்பு, ரஷ்யாவில் இத்தனை டன் கோதுமை என்று கேட்டு வந்து, களத்துமேட்டில் நாடுகளை ஒன்றோடொன்று மோத விடுவார்.

அவருக்கு ஒரே ஆசை. தை மாசம் செபஸ்தியார் திருநாளில் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுக்க வேண்டும். ஆனால் எங்கள் பங்குக் கோயில் வழக்கப்படி, எந்த ஊர் அதிகமாய்க் கேழ்வரகு காணிக்கை அளக்கிறதோ அந்த ஊர்தான் முதலில் தூக்கும். பக்கத்து மேலூரில் நானூறு பேர். நாங்கள் அறுபத்தொரு பேர். எந்தக் காலத்தில் ஜெயிப்பது?

அறுபத்தொன்பதாம் வருசம் சவரி பங்குச் சாமியாரிடம் போய் நின்றார்.

"சாமி, ரேடியோல சொன்னாங்க. மொத்த வெளைச்சல மட்டும் பாத்தா ஆவாதாம், தலைக்கு எவ்வளவுன்னு வகுக்கணுமாம். இந்தியா பெருசு, சுவிட்சர்லாந்து சின்னது. ஆனா வகுத்துப் பாத்தா அவன்தான் மேல. நாங்க சுவிட்சர்லாந்துங்க சாமி!"

சாமியார் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்றது. "சரி, இந்த வருசம் தலைக்குத்தான். சப்பரம் கிளம்புறதுக்குள்ள கோயில் ஏட்டுல பேர் ஏறின எல்லாரும் தலை. பட்டியலை அந்தந்த ஊரே குடுக்கட்டும்" என்றார்.

திருநாள் வந்தது. மேலூர் ஆயிரத்து இருநூறு படி அளந்தது. தலைக்குச் சரியாக மூணு படி. நாங்கள் நூற்றி எண்பத்தாறு. வகுத்தால் மூணு படிக்கு மேல் ஒரு துளி! சவரி தோள் துண்டைச் சுழற்றிக்கொண்டு கோயிலையே சுற்றி ஓடினார்.

மூணாவது சுற்றில் அவர் சம்சாரம் ஞானமேரி எதிரே ஓடி வந்தாள். "ஏங்க, ஆரோக்கியத்துக்குப் பொண்ணு பொறந்திருக்குது!" தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள். தாய்வீட்டில் பிறந்தால் ஞானஸ்நானமும் இங்கேதான். ஞானஸ்நானம் ஆனால் ஏட்டில் பேர் ஏறும், எங்களுக்கு ஒரு தலை கூடும்.

சாமியார் சிலேட்டில் போட்டுப் பார்த்தார். அறுபத்திரண்டு தலை, சரியாக மூணு படி. "சமம்! ரெண்டு ஊரும் சேர்ந்து தூக்குங்க" என்றார். சவரி இன்னும் வேகமாக ஓடினார்.

ஞானமேரி மறுபடியும் வந்தாள். "இன்னொண்ணுங்க! ரெட்டை!"

கூட்டமே சிரித்தது. மேலூர்ப் பெரியவர் ஸ்தனிஸ்லாஸ், "யோவ் சவரி, உன் சுவிட்சர்லாந்துல ஜனத்தொகை ஏறிப்போச்சுய்யா!" என்றார்.

சவரி காதில், "ஒண்ணுக்கு நாளைக்கு ஞானஸ்நானம் குடுத்தா ஆவாதா?" என்று கிசுகிசுத்தது நான்தான். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

ஞானமேரி கேட்டுவிட்டாள். "ரெண்டும் பூனைக்குட்டியாட்டம் இருக்குது. ராத்திரி தாங்குமோ தாங்காதோ, சப்பரத்துக்காகப் பச்ச மண்ண ஞானஸ்நானம் இல்லாம போடுவீங்களா?"

சவரி வீட்டுக்கு ஓடினார். கைக்கு ஒன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "எழுதுங்க சாமி. ரெண்டையும் எழுதுங்க."

தண்ணீர் ஊற்றி, ஏட்டில் பேர் ஏறியது. அறுபத்து மூணு தலை. மூணு படிக்கு ஒரு சிட்டிகை குறைச்சல். தோற்றோம்.

ஸ்தனிஸ்லாஸ் சப்பரத்துக் கொம்பைத் தொடப் போனார். அதற்குள் அவர் ஊர் இன்னாசியம்மாள் கிழவி எழுந்து நின்றாள்.

"பொறந்து அரை நாழி ஆவாத புள்ளைக்கெல்லாம் பேரு இருக்குது. பட்டாளத்துல இருக்கிற எம் மவன் பேரு எங்க சாமி?"

சாமியார் கோயில் ஏட்டையும் மேலூர்ப் பட்டியலையும் பார்த்தார். ஏட்டில் பேர் இருந்தது, பட்டியலில் இல்லை.

"ஆயா, சித்த சும்மா இரு" என்று ஸ்தனிஸ்லாஸ் கெஞ்சினார்.

"எதுக்குடா சும்மா இருக்கணும்? எம் புள்ள தல இல்லியா?"

"எந் தம்பி கோலார்ல இருக்கான், அவன் பேரு?" "எம் மருமவன் பெங்களூரு மில்லுல இருக்கான்!" மேலூர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்துவிட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் கைகூப்பிக் கும்பிட்டும் ஒருத்தியும் அடங்கவில்லை. பன்னிரண்டு தலை ஏறியது. சாமியார் வகுத்தார். எங்களுக்கு ஒரு சிட்டிகை குறைச்சல் என்றால் அவர்களுக்கு ரெண்டு சிட்டிகை!

ஸ்தனிஸ்லாஸே சவரியைத் தள்ளிக்கொண்டு போய்க் கொம்புக்குக் கீழே நிறுத்தினார். "தூக்குய்யா. உன் வூட்டுல மூணாவது பொறக்கறதுக்குள்ள தூக்கு!"

சவரி தூக்கினார். ஒரு மணி நேரம் ஆடி அசைந்து வரும் சப்பரம் அன்றைக்குக் கால் மணியில் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. மேளக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.