அரைவிலைத் துவக்கு

எங்கட வீடு தில்லையடியில். தோட்டம் வண்ணாத்திவில்லுப் பக்கம், காட்டோரம். கச்சான் கடலையும் சோளமும் போடுவோம். பன்றி வந்து கிண்டும். அதனால் என் புருஷன் லைசன்ஸ் எடுத்து, துவக்கு வாங்கக் கொழும்புக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று பழசு, இங்கிலாந்துச் சாமான். மரப்பிடி கறுத்து மினுங்கியது. நடுவில் மடித்துத் திறந்து மூடினால் ஒரேயொரு சத்தம், அவ்வளவுதான். மற்றது புதுசு. எந்த நாடென்று நினைவில்லை. மூடின பிறகும் கொஞ்சம் ஆடியது. விலை பழசில் அரைவாசி.

"இது வெடிக்குமா?" என்று கேட்டார்.

"வெடிக்காத துவக்கை வித்துட்டு நான் இங்க கடை வச்சிருக்க ஏலுமா நானா?" என்றான் கடைக்காரன். எங்கட ஆக்களில் அண்ணனை நானா என்பது. "பழசு அழகுதான். பன்றிக்கு அழகு விளங்குமா?"

அவர் சிரித்தார். என்னைப் பார்த்தார். "உனக்கு எது நல்லம்?"

"பழசு" என்றேன்.

புதுசை வாங்கினார். மிச்சக் காசுக்கு வேலிக்கம்பி எடுத்தோம். அதுவும் தேவைதான்.

வீட்டில் என் தம்பி அதைத் தூக்கிப் பார்த்தான். "மச்சான், இது துவக்கா, தண்ணிக் குழாயா?"

"உன்ட மோட்டார் சைக்கிளை விட ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும். போடா."

ஆனது. தோட்டத்தில் ஒரு பழைய தகரத்தைக் கட்டிச் சுட்டுப் பார்த்தார். சன்னம் பரந்து விழுந்தது. கிட்டப் போய்ச் சுட்டால் சரி என்றார். முதல் வருஷம் ஒருதரமும் ஏமாற்றவில்லை.

விழுந்த பன்றியை நாங்கள் தொட மாட்டோம். பக்கத்துத் தோட்டத்துச் சிங்களவரைக் கூப்பிடுவார். ஐயே என்போம், சிங்களத்தில் அண்ணன். அவர் கைவண்டியோடு வந்து ஏற்றிப் போவார். "நானா சுடுறது, நான் தின்றது. நல்ல கூட்டு" என்பார். பிறகு பப்பாசிப்பழம் அனுப்புவார்.

தில்லையடியில் உப்புக் காற்று. கத்தி, கதவுக் கொண்டி, எல்லாம் சிவந்து போகும். மலிவுத் துவக்கில் பூச்சும் மெல்லிசு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக முன் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பார். அதே கையால் துவக்குக்கும் பூசுவார். திறந்து உள்ளேயும் கொஞ்சம் ஊற்றுவார். துரு வரவில்லை. அவருக்கு அதில் சந்தோஷம்.

அடுத்த வருஷம் ஒருநாள் சுபஹு தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். நடந்ததை ஐயேதான் சொன்னார். வெளிச்சம் வந்த நேரம். பன்றி நேரே வந்தது. நானா விசையை இழுத்தார். டிக் என்றது. திரும்ப மடக்கி இழுத்தார். டிக். பன்றி தொடையைக் கிழித்தது. ஐயே அவரை அந்தக் கைவண்டியில் போட்டு றோட்டுக்குத் தள்ளி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மவுத்து.

துவக்கைப் பொலிஸ் கொண்டுபோனது.

புருஷன் மவுத்தானவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தேன். வெளியே போக ஏலாது. வந்தவர்கள் எல்லாரும் துவக்கையே ஏசினார்கள். மலிவுச் சாமான், மலிவுச் சாமான். பழசை வாங்கியிருந்தால் ஆள் இருப்பார் என்று நானும் நினைத்தேன். கச்சானைப் பன்றி முழுக்கக் கிண்டிவிட்டது என்று தம்பி வந்து சொன்னான். ஓம் என்றேன்.

இத்தா முடிந்தது. தோட்டத்தை வித்துவிடச் சொன்னார்கள். வித்தால் சாப்பாட்டுக்கு வேறு வழியில்லை. வைத்திருந்தால் துவக்கு வேணும். வேறு வாங்க வசதியில்லை. லைசன்ஸை என் பேருக்குக் கேட்டு எழுதினேன். அலைய விட்டுத் தந்தார்கள். துவக்கும் வந்தது.

வீட்டில் கதிரையில் இருந்து அதைத் திறந்தேன். மணம் வந்தது. காறின தேங்காயெண்ணெய் மணம். தோட்டாவில் குத்துகிற ஊசியைச் சுற்றி மஞ்சளாகப் பிசின். விரலால் அமத்திப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டால் தையல் மெஷினும் இப்படித்தான் இறுகும்.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். பழைய துணி எல்லாம் மஞ்சளானது. ஊசி அசைந்தது. மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.

தம்பியோடு தோட்டத்துக்குப் போனேன். தகரம் அந்த மரத்திலேயே இருந்தது.

"ராத்தா, தாங்க, நான் வைக்கிறன் வெடி."

"தள்ளி நில்லு."

தோளில் இடித்தது. தகரம் துள்ளியது. இன்னொன்று போட்டேன். அதுவும் வெடித்தது. கொண்டுபோன தோட்டா முடியும்வரை சுட்டேன். ஒன்றும் தவறவில்லை.

சத்தத்துக்கு ஐயே கைவண்டியோடு வந்து வேலிக்கு அங்கால் நின்றார். "விழுந்ததா?"

"இல்ல ஐயே. சும்மா சுட்டுப் பார்த்தன்."

"சுடுதா அது?"

"ஓம். துவக்கில பிழையில்ல."

அவர் துவக்கைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

தோட்டத்தை விற்கவில்லை. மழைக்குக் கச்சான் போட்டேன்.