வாய்க்கரிசி நேரத்தில் வெட்டிய இணைப்பு

பக்கத்து வீட்டுக்காரரின் பிரேதம் எடுத்த அன்று நான் என் வீட்டுக்குள் இருந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவருக்கும் எனக்கும் வேலிச் சண்டை. எல்லை வேலியின் கதியால் தடிகளை அவர் என் பக்கம் தள்ளி அரக்கி நட்டார் என்பது என் கட்சி. நான்தான் அரக்கினேன் என்பது அவர் கட்சி. எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் வேலிக்காகப் பேச்சை விட்டவர்கள் நாங்கள் மட்டுமில்லை. ஆனாலும் செத்த வீடு என்றால் சண்டைக்காரனும் போவான். நான் போகவில்லை. சுடலைக்குப் போகும்போது பின்னால் சேர்ந்துகொள்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் காலையிலேயே போய்விட்டாள்.

மத்தியானம் போல ஆட்டம் நின்று நின்று ஓடியது. பந்து போடுகிறவன் கையைத் தூக்கியபடி சிலை மாதிரி நிற்கிறான். எரிச்சலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் போனில் திறந்து, எங்கள் இணைப்பில் என்னென்ன தொடுபட்டிருக்கிறது என்று பார்த்தேன். என் போன், மனைவியின் போன், தொலைக்காட்சி, மகளின் மடிக்கணினி. கடைசியில் நான் அறியாத ஒரு போன்.

பக்கத்து வீட்டில் சனம் நிறைந்திருந்தது. எவனோ கடவுச்சொல்லைப் பிடித்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். வேலியை அரக்கியது போதாதென்று இப்போது இணைப்பையும் அரக்குகிறார்கள். அந்தப் போனைத் தடை செய்தேன். ஆட்டம் சீராக ஓடியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் கோபம் வருகிறது. பறைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போனின் சத்தத்தைக் கூட்டினேன்.

மனைவி பின்வாசலால் ஓடி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, வைஃபையிலை ஏதும் செய்தனீங்களோ?"

"ஆரோ ஒருத்தன் எங்கடை லைனிலை ஏறியிருந்தவன். வெட்டிவிட்டன்."

"ஐயோ, அது வீடியோக்காரற்றை போன். நான்தான் பாஸ்வேர்ட் குடுத்தனான். அங்கை சிக்னல் இல்லை."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருப்பியளே? வாய்க்கரிசி போடுகினம். பெடியன் பிரான்சிலை பாத்துக்கொண்டு நிக்கிறான். கெதியா லைனைத் திருப்பிப் போடுங்கோ."

செத்தவருக்கு ஒரே மகன். அங்கே அவனுக்கு இன்னும் வதிவிட அனுமதி கிடைக்கவில்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவனுக்கு இருந்தது அந்தப் போன் மட்டும்தான்.

தடையை எடுத்தேன். போன் தொடுபடவில்லை. பதறிப்போய் ரவுட்டரையே நிறுத்திப் போட்டேன், மடையன். அது திரும்ப உயிர் பெறுவதற்குள் பறைச் சத்தம் எங்கள் படலையைத் தாண்டி ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். சுடலை வரைக்கும் போனேன். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒருநாள் அவருடைய மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். சண்டை தொடங்கிய பிறகு அவர் என்னோடு கதைத்தது அன்றைக்குத்தான்.

"தம்பி, வைஃபை தந்ததுக்கு நன்றி சொல்லச் சொன்னவன் மோன்."

நான் ஒரு கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கடைசியிலை அறுந்துபோச்சாம். அவன் அங்கை கையிலை அரிசியோடை நிண்டவனாம். நான் இஞ்சை போடேக்கை தானும் போடுவம் எண்டு. படம் வரும், வரும் எண்டு பாத்திட்டு, பிறகு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் அரிசியைத் திருப்பிச் சட்டிக்கை போட்டானாம். உங்கடை லைனிலை பிழையில்லையாம். தன்ரை பக்கத்திலைதான் ஏதோ எண்டு சொல்லுறான்."

"ஓம் அக்கா" என்றேன்.

அவர் உள்ளே போனார். எங்கள் குசினி வாசலில் நின்று மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. பிறகு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

அவன் இன்னமும் பிழை தன் பக்கத்தில் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.