வெற்றிலைத் தட்டில் ஒரு சிவப்பு ஒயின்

வெளிநாட்டிலிருந்து வரும் பயணி இரண்டு லிட்டர் வரை மதுவைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்பது சுங்க விதி. என் மகள் கொண்டுவந்தது முக்கால் லிட்டர் சிவப்பு ஒயின். அதனால் விமான நிலையத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நான் கள்ளக்குறிச்சியில் காத்திருந்தேன்.

கோட்டக் கலால் அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். பிடிபட்ட சரக்கைக் குழியில் ஊற்றி அழித்து, அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கியவன். எங்கள் ஊரில் ஒரு பாட்டிலைக் கண்டால் ருசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்போம். கேட்காமல் குடித்தவர்களின் வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கப் போன அனுபவம் எங்களுக்கு உண்டு.

போர்ச்சுகலுக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்ட மகள், ஆயுத பூஜையை ஒட்டி வந்தபோது அதை மேசைமேல் வைத்தாள். அவள் மணக்க விரும்பும் பையனின் வீட்டில் கொடுத்தனுப்பியதாம். ஆற்றை ஒட்டிய செங்குத்தான சரிவில், தாத்தா காலத்துக் கொடிகளில் பழுத்த திராட்சையாம்.

"அவங்க தோட்டம்பா," என்றாள். அப்பா சம்மதிக்காமல் திருமணத்தைப் பதிவு செய்யமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவள் போனதும் பாட்டிலைப் பரிசோதித்தேன். மூடியின் உறை கிழியவில்லை. ஆனால் லேபிளில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது; பையனின் குடும்பப் பெயர் இல்லை. எழுத்து பொடியாக இருந்ததால் பூதக்கண்ணாடியை எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்தால் மேசையில் பாட்டில் இல்லை. பூஜை அலமாரியில், பித்தளைத் தட்டில், வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது.

"மாப்ள வூட்லருந்து வந்தத வெறும் மேசமேலயா வெக்கிறது?" என்றாள் என் மனைவி.

"அது சாராயம்."

"திராட்ச ரசந்தானங்க. பெத்த பொண்ணு மேலயே ரெய்டு உடாதீங்க."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்ததை வெற்றிலையோடு சாமி முன் வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். அந்த நேரம் பார்த்து வடக்கனந்தலிலிருந்து என் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். கரும்பு விவசாயி. தட்டைப் பார்த்தவன், "இன்னாக்கா, தாம்பூலம் வாங்கியாச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றான்.

அவனுக்குச் செல்போனில் மகள் அனுப்பியிருந்த தோட்டத்தின் படத்தைக் காட்டி, கொடிகளின் வயதையும் சொன்னேன். ஆற்றுக்கு மேலே சுவர் போல் எழும்பிய மலை, படிப்படியாகக் கொடிகள்.

"இந்தச் சரிவுல ஆடே நிக்காது மாமா. ஆளு எப்டி நின்னுக்கினு வேல செய்றான்?" என்றான். "கெழட்டுக் கொடி வேறயா? கரும்பே வெட்ன கட்டையிலருந்து மூணாவது மறுதாம்பு வந்தா வெளைச்சல் கம்மி. சொந்த நெலமா இருந்தா எப்பவோ பேத்துப் போட்டிருப்பான்."

என் சந்தேகத்துக்கு வலுச் சேர்த்துவிட்டு ஊருக்குப் போனவன், போன கையோடு நிச்சயதார்த்தச் செய்தியையும் பரப்பிவிட்டான். உத்தரவு பிறப்பித்த பிறகு விசாரணை தொடங்க வேண்டிய நிலை எனக்கு என் பணிக்காலத்தில்கூட வந்ததில்லை.

இருந்தாலும் தொடங்கினேன். பையனுக்கே ஆங்கிலத்தில், வரிசை எண் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். கொடிகளின் வயதுக்கு என்ன ஆதாரம்? விளைச்சல் குறைந்த கொடிகளை ஏன் வைத்திருக்கிறீர்கள்? நிலம் யார் பெயரில் இருக்கிறது?

பதில் இல்லை. தீபாவளி போயிற்று. நினைவூட்டல் அனுப்பினேன். கார்த்திகை தீபமும் போயிற்று. உறவினர்கள் முகூர்த்தம் எப்போது என்று கேட்டார்கள். மகள் போனில் வேலையைப் பற்றி மட்டும் பேசினாள். பதில் தராதவன் எதையோ மறைக்கிறான் என்பதுதான் முப்பது வருட உத்தியோகத்தில் நான் கற்றது.

கடைசியில் பதில் வந்தது. என் வரிசை எண்களின்படியே எழுதியிருந்தான். கொடிகளின் வயதுக்கு ஆதாரம் கிடையாது, ஊரார் சொல்வதுதான். கிழட்டுக் கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும், அந்தக் கொஞ்சத்துக்குச் சாரம் அதிகம். நிலம் ஒரு கம்பெனியுடையது. தாத்தா அங்கே கூலிக்குக் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்தார், இப்போது அப்பா செய்கிறார். அறுவடை முடிந்ததும் கூலியாட்களுக்குக் கொடுக்கும் பாட்டில்களில் ஒன்றுதான் அது. வேலை செய்கிற தோட்டத்தை எங்கள் தோட்டம் என்றே வீட்டில் சொல்லிப் பழகிவிட்டோம். உங்கள் மகளிடமும் அப்படியே சொல்லி, பிறகு திருத்தத் துணிவு வரவில்லை. நேற்றுதான் அவளிடம் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு விடை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று, மன்னியுங்கள்.

கம்பெனியின் பெயரையும் எழுதியிருந்தான். லேபிளோடு ஒத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே எழுதிக் கொடுத்தவனை என் உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, பதிவுக்கு நாள் குறிக்கச் சொன்னேன். அன்று மாட்டுப் பொங்கல்.